பழைய ஆம்னி வேனின் பின்பக்கம் ஒரு புறம் தாழ்ந்து நிற்கிறது. கூடுதல் பட்டை போட்டால் சரியாகுமா?

காட்பாடியில் ஓடும் உங்கள் 2006ஆம் ஆண்டு ஆம்னியின் பின்பக்கம் இடது புறமாகத் தாழ்ந்து நிற்கிறது என்றும், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிய பிறகும் உயரம் ஏறவில்லை என்றும், பட்டறையில் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிடலாம் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குடியாத்தத்தில் இதே வயதுடைய ஓர் ஆம்னியைக் குடும்பத்துக்கும் கடைச் சரக்குக்கும் பல ஆண்டுகளாக ஓட்டிவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எது தாழ்ந்தது என்று அளந்து பார்க்காமல் பட்டை போடாதீர்கள்.

ஷாக் அப்சார்பரை மாற்றியதால் பயன் இல்லாமல் போனதில் வியப்பில்லை. பின்பக்கத்தில் வண்டியின் எடையைத் தாங்குவது, வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை குதிப்பை அடக்குவது மட்டுமே. அது முற்றிலும் செத்துப்போனாலும் நிற்கும் வண்டியின் உயரம் மாறாது.

அளப்பதைச் சமதளத்தில்தான் செய்ய வேண்டும். வீட்டு வாசலும் தெருவோரமும் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகவே போடப்பட்டிருக்கும் என்பதால், அங்கே நின்று பார்த்து வண்டி சாய்ந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பும் மட்டக்குழாய் வாங்கி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்கள் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். வண்டியைக் காலியாக நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிசெய்தபின், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே உள்ள சக்கர வளைவின் விளிம்பு வரை டேப்பில் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றுக் குறைவும் கணக்கில் கலந்துவிடும். இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்குள் வேறுபாடு இருந்தால், இந்த வயது வண்டியில் நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் பாருங்கள்: தகரவேலை செய்த வண்டியில் சக்கர வளைவே ஏறியிறங்கி இருக்கக்கூடும், அப்படி ஐயம் இருந்தால் ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையில், ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பரின் இடைவெளியை இரு புறமும் அளந்து ஒப்பிடுங்கள்.

ஒரே ஓர் அளவை நம்பவும் கூடாது. துருவேறிய பட்டைகள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால், வண்டி கடைசியாக மேலிருந்து இறங்கி நின்றதா, கீழிருந்து ஏறி நின்றதா என்பதைப் பொறுத்து உயரம் மாறும். எனவே பின்பக்கத்தை இருவர் அழுத்தி மெல்ல விட்டபின் ஒரு முறையும், அடிப்பகுதியைப் பிடித்துச் சற்றே தூக்கி மெல்ல இறக்கியபின் ஒரு முறையும் அளந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அளவுகளும் வெகுவாக வேறுபட்டால், பட்டைகளுக்கு இடையிலோ, பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் அசையும் இணைப்பான ஷாக்கிளிலோ இறுக்கம் இருக்கிறது என்று பொருள். அப்போது புதிய பட்டை வாங்குவதற்கு முன் கழற்றிச் சுத்தம் செய்வதே முதல் வேலை.

அடுத்து, பழுது முன்பக்கத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆம்னியின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கில் நிற்கிறது. அதன் இடப்பக்கச் சுருளின் அடி வளையம் உடைந்திருந்தாலும் பாடி முழுவதும் இடப்புறம் சாய்ந்து, குற்றம் பின்பக்கத்தின் மேல் விழும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் சரி நடுவில் ஜாக்கை வைத்து முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினால், பாடி பின்பக்க ஸ்பிரிங்குகளையும் அந்த ஒற்றைப் புள்ளியையும் மட்டுமே நம்பி நிற்கும். அந்த நிலையில் பின்பக்கம் மட்டமாகிவிட்டால் பழுது முன்னே. சாய்வு அப்படியே இருந்தால் பழுது பின்னே. (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்; ஸ்டாண்டு வைத்தபிறகே தலை உள்ளே போக வேண்டும்.)

எடையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எடைமேடைக்குப் பஞ்சமே இல்லை. முழு வண்டியையும் ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை நிறுத்தினால், பின் ஆக்சில் சுமக்கும் எடை தெரிந்துவிடும். பின் ஆக்சிலுக்கும் பின்னால் வைக்கும் சரக்கு, தன் எடையைவிட அதிகமாகவே பின் ஸ்பிரிங்கை அழுத்தி, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும். பின்னால் நிரந்தரமாகக் கிடக்கும் ஸ்டெப்னி, கருவிப் பெட்டி, கூரைமேல் கேரியர், காஸ் சிலிண்டர் என்று சேர்ந்துகொண்டே போவதை யாரும் சுமையாக எண்ணுவதில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால் வண்டியின் அடியில் பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். இரும்புப் பிரஷால் அழுக்கை நீக்கிவிட்டு, பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டின் ஓரத்திலும், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையின் அருகிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை உடைவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். மண் படிந்திருந்தால் உடைந்த பட்டையும் முழுதாகவே தெரியும். பிறகு பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கண் எனும் வளையங்களுக்கு இடையே நூல் கட்டி, நூலிலிருந்து மிக நீளமான மெயின் பட்டையின் நடு வரை அளந்து இரு புறத்தையும் ஒப்பிட்டால், வளைவு இறங்கிப்போனது இடப்பக்கம் மட்டுமா, இரண்டுமா என்பது தெரியும். சென்டர் போல்ட் முறிந்திருந்தால் ஆக்சில் அந்தப் பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கும்; முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் நேரே தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து, இரு புறத்து நீளத்தையும் ஒப்பிட்டால் அது பிடிபடும்.

ஷாக்கிளையும் அது தொங்கும் தாங்கியையும் தனியாகப் பாருங்கள். ஷாக்கிள் துருப்பிடித்து இறுகினால் பட்டை நீளவும் சுருங்கவும் முடியாமல் உயரம் தவறாக நிற்கும். தாங்கி பற்றவைத்த இடத்தில் சட்டம் அரித்து உள்ளே மடங்கியிருந்தால், ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தாலும் பாடி தாழும். அதற்குப் பட்டை வாங்குவது வீண் செலவு, வேண்டியது வெல்டிங் வேலை. எங்கள் பக்கத்து வெயில் தகரத்துக்கு நன்மைதான், கடற்கரை ஊர்களைப் போல் இங்கே வண்டி அரிப்பதில்லை. ஆனால் பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷை அதே வெயில் சீக்கிரம் வெடிக்க வைத்துவிடுகிறது.

பட்டை இறங்கியிருக்கிறது என்று உறுதியானால், என் தேர்வு இரு புறத்துக்கும் சேர்த்துப் புதிய செட்டுதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மறுபக்கம் சாயும். பழைய பட்டைக்கு வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. ஆனால் சிவக்கக் காய்ச்சி வளைத்த எஃகை எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தினால்தான் ஸ்பிரிங் தன்மை திரும்பும். சூடாக்கி அடித்துத் தானாக ஆறவிடும் பட்டறையில் கொடுத்தால், சில மாதங்களில் மறுபடியும் பழைய நிலையே. எங்கள் வண்டிக்கும் முதலில் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள்.

கூடுதல் பட்டையை நான் தயக்கத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும்போது பட்டையின் விறைப்பு, தடிமனைத் தடிமனால் இரு முறை பெருக்கிய கணக்கில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பக்கத்தில் வேறு வண்டியின் 8 மில்லிமீட்டர் பட்டையைச் சொருகினால், அந்த ஒன்று மட்டும் இரு மடங்குக்கும் மேலான விறைப்போடு நிற்கும். காலி வண்டி குதிக்கும், எஞ்சினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரலாம். பின் ஆக்சிலோடு இணைத்த பிரேக் அழுத்த வால்வு உள்ள வேன்களில் இன்னொரு சிக்கலும் வரும்: அந்த வால்வு, பின்பக்கம் தாழ்ந்தால் சுமை இருப்பதாகவும் உயர்ந்தால் காலியாக இருப்பதாகவும் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பட்டையால் உயர்ந்த வண்டியில் முழுச் சுமை ஏற்றினாலும் அது பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்தக் குறை தெரிந்துவிடும். அனுமதித்த அளவுக்குள், ஆனால் எந்நாளும், பின்னால் சரக்கு ஏற்றுகிறவர் அதே அளவுப் பட்டையைச் சேர்த்துக்கொள்வதில் நியாயம் உண்டு. பட்டை சேர்த்ததால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை வரம்பு உயர்ந்துவிடாது.

பொருத்தும்போது யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும். கண்ணிலும் ஷாக்கிளிலும் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக முறுக்க விடாதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி எடை உட்கார்ந்த பிறகே முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு உயரத்தைப் பொய்யாகத் தூக்கிக் காட்டிச் சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடியும் இறுக்கி, உயரத்தை இன்னொரு முறை அளந்து, அதன்பிறகு ஹெட்லைட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருந்தபோது யாராவது அதைக் கீழே இறக்கி வைத்திருக்கலாம்.