பிரிட்டனில் மக்கள் அதிகம் விரும்பி வாங்கும் பார்சல் சாப்பாடு எது? அவர்களுடைய சாப்பாட்டுப் பழக்கம் எப்படி?

இந்தக் கேள்விக்குப் பலரும் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ், சிக்கன் டிக்கா மசாலா' என்று இரண்டு பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். தவறில்லை. ஆனால் வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பகுதியின் லீட்ஸ் நகரப் பக்கம் பல வருடமாகக் குடியிருந்து, வெள்ளிக்கிழமை வரிசைகளில் நின்று பழகியவன் என்கிற முறையில் நான் வேறு மாதிரி சொல்வேன். இவர்கள் எந்த நாட்டுச் சாப்பாட்டை வாங்கினாலும் பக்கத்தில் சிப்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். மேலே ஊற்றிக்கொள்ள ஏதாவது ஒரு சாஸோ கிரேவியோ வேண்டும். சைனீஸ் கடைக்காரர், துருக்கிக் கடைக்காரர், வங்காளிக் கடைக்காரர் எல்லோரும் இதற்கு வளைந்து கொடுத்துத்தான் பிழைத்தார்கள். (சிப்ஸ் என்றால் நம்மூர் பாக்கெட் சீவல் இல்லை. விரல் பருமனுக்கு வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு.)

முதலில் சிப்ஸ் கடை. மெனு சின்னதுதான்: மீன், சிப்ஸ், மாவில் முக்கிப் பொரித்த சாசேஜ், மாவு உறைக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை', குழைய வேகவைத்த பச்சைப் பட்டாணி. முள் நீக்கிய மீனை ஒரே நீளத் துண்டாக, கரைத்த மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். நம்ம பஜ்ஜி செய்முறைதான், ஆனால் மாவில் மிளகாய்த்தூளும் கிடையாது, பெருங்காயமும் கிடையாது. ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு முதல் வாயில் முகம் சுருங்கும். உப்பும் வினிகரும் தாராளமாக விழுந்த பிறகுதான் அதன் ருசி பிடிபடும்.

அங்கே வேலை நடக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் அம்மா வெள்ளைக் காகிதத்தை விரித்து, சிப்ஸைக் கரண்டியால் வாரிக் கொட்டி, அதன் மேல் மீனைக் கிடத்துவார். தலையை நிமிர்த்தாமலே "உப்பு, வினிகர் போடவா, லவ்?" என்பார். யார்க்‌ஷயரில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த கேள்வி, திறந்தபடி வேண்டுமா, மடித்துக் கட்டித் தரவா என்பது. போகிற வழியிலேயே சாப்பிடுவதென்றால் திறந்தபடி வாங்கி, குட்டி மர முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிடுவார்கள். வீட்டுக்கென்றால் இரண்டு மூன்று காகிதம் சுற்றிவிடுவார்கள். வீடு போவதற்குள் ஆவியில் மொறுமொறுப்பு போய், வினிகர் ஊறி, சிப்ஸ் கொஞ்சம் துவண்டிருக்கும். அப்படித் துவண்டதுதான் பிடிக்கும் என்பவர்கள் இங்கே ஏராளம், நானும் அந்தக் கட்சி. அந்தப் பழுப்பு நிறத் திரவம் பல கடைகளில் உண்மையான வினிகரே இல்லை என்பது தனிக் கதை. அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து நிறம் சேர்த்தது.

ஊருக்கு ஊர் இதில் சண்டை உண்டு. யார்க்‌ஷயரில் ஹேடாக் மீன், அதுவும் தோல் உரித்தது. தெற்கே போனால் காட் என்கிற மீன். இங்கே பல கடைகளில் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில், தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெயில். எண்ணெயில் உதிர்ந்து பொரிந்த மாவுத் துணுக்குகளை 'ஸ்க்ராப்ஸ்' என்பார்கள். கேட்டால் நிறைய கடைகளில் காசு வாங்காமலே ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். வடக்கே சிப்ஸ் மேல் கிரேவி ஊற்றுவது சர்வ சாதாரணம், லண்டனில் எல்லாக் கடையிலும் அதை எதிர்பார்க்க முடியாது. ஹல் நகரத்தில் மிளகுத்தூள் மாதிரி தூவிக்கொள்ள பாப்ரிகா என்கிற காரம் குறைந்த மிளகாய்த்தூள் கலந்த உப்பு ஒன்று உண்டு. எடின்பரோவில் வினிகருக்குப் பதில் நீர்க்கக் கரைத்த பழுப்பு சாஸ். இதில் எது சரி என்று ஆபீஸில் பேச்செடுத்தால் அன்றைக்கு வேலை நடக்காது.

மீனை இப்படிப் பொரிக்கிற வழக்கம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்த யூதர்களோடு வந்தது. அதைச் சிப்ஸோடு சேர்த்து விற்ற முதல் கடை லண்டனில் ஜோசப் மாலின் வைத்ததா, லங்காஷயர் பக்கம் மாஸ்லியில் ஜான் லீஸ் வைத்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டுமே 1860களின் கதை. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதுதான் மலிவான சூடான சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாவற்றுக்கும் ரேஷன் போட்ட அரசு மீனையும் உருளைக்கிழங்கையும் மட்டும் தொடவில்லை. அந்த மலிவெல்லாம் இப்போது போய்விட்டது. 2022இல் உக்ரைன் போர் வந்தபோது சூரியகாந்தி எண்ணெய், மீன், எரிவாயு, மின்சாரம் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியது. இன்று ஒரு மீனும் சிப்ஸும் பல ஊர்களில் பத்துப் பவுண்டைத் தாண்டுகிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கிற கிறிஸ்தவ வழக்கத்தால் வந்தது மீன் வாங்கும் பழக்கம். சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியவர்களும் வெள்ளிக்கிழமை மீனை நிறுத்தவில்லை.

அடுத்தது கறி. 1810இலேயே பாட்னாவைச் சேர்ந்த ஷேக் தீன் மஹோமது லண்டனில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' என்ற பெயரில் கடை திறந்து, இரண்டே வருடத்தில் திவாலானார். இன்று தெருவுக்குத் தெரு இருக்கிற 'இந்தியன்' கடைகளுக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துகிறவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். கப்பலில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலைக்கு வந்து லண்டன் துறைமுகத்தில் இறங்கித் தங்கிவிட்ட ஆட்களிடமிருந்து தொடங்குகிறது அந்த வரலாறு.

அந்த மெனுவை ஒரு சென்னைக்காரர் படித்தால் சிரிப்பு வரும். அதில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் காரத்தின் அளவுகள். கோர்மா என்றால் காரமே இல்லை: தேங்காய், க்ரீம், சர்க்கரை. மெட்ராஸ் என்றால் நடுத்தரத்துக்கு மேல், தக்காளிப் புளிப்போடு. விண்டாலூ அதற்கும் மேல், கூட ஒரு உருளைக்கிழங்குத் துண்டு. அதையும் தாண்டி 'ஃபால்' என்று ஒன்று, பந்தயம் கட்டிச் சாப்பிடுவதற்கென்றே. மெட்ராஸில் அந்த மெட்ராஸ் கறியை யாரும் சமைத்ததில்லை. ஆனால் சமையலறைத் தந்திரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மதியமே ஒரு பெரிய அண்டாவில் வெங்காயத்தை மூட்டைக் கணக்கில் போட்டு, இஞ்சி பூண்டு, கொஞ்சம் தக்காளி, மசாலாவோடு வேகவைத்து மைய அரைத்துவிடுவார்கள். இதுதான் எல்லாக் குழம்புக்கும் அடிப்படை. கோழியும் முன்பே வெந்து தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் வாணலியில் எண்ணெய், மசாலாத்தூள், இரண்டு அகப்பை அடிப்படைக் குழம்பு, பெயருக்கேற்ற மிளகாயோ க்ரீமோ. சில நிமிடத்தில் பதினைந்து வகைக் கறி பதினைந்து டப்பாவில் போய்விடும். எல்லாவற்றிலும் ஒரே அடிநாக்குச் சுவை இருக்கிறதே என்று சந்தேகப்பட்டிருந்தால் காரணம் இதுதான்.

2001இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாதான் அசல் பிரிட்டிஷ் தேசிய உணவு என்று பேசினார். டிக்கா இந்தியாவினுடையது, பிரிட்டன்காரருக்கு இறைச்சி கிரேவியில் மிதக்க வேண்டும் என்பதால் மசாலா சாஸ் சேர்ந்தது என்பது அவர் விளக்கம். நான் மேலே சொன்னதும் அதேதான், அமைச்சர் முந்திக்கொண்டார். இன்றும் கறிக் கடை மெனுவின் கடைசிப் பக்கத்தில் சிப்ஸ் இருக்கும். வேல்ஸில் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேட்டால் கறியோடு பாதி சோறும் பாதி சிப்ஸும் கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கு ஒரு யோசனை: கூட்டமில்லாத நாளில் போய், பணியாளர்கள் தங்களுக்கென்று சமைத்த கறி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எலும்போடு ஆட்டுக்கறி ஒரு கிண்ணம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சைனீஸ் பார்சல் கடைகளும் இதே தடத்தில் வந்தவைதான். 1950, 60களில் ஹாங்காங் கிராமப்புறத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சிப்ஸ் கடைகளை வாங்கின. எண்ணெய்ச் சட்டி இருக்கிறது, வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். மீனையும் சிப்ஸையும் விடாமல் கூடவே நூடுல்ஸ் விற்றார்கள். அதனால்தான் இன்றும் சைனீஸ் கடையில் சிப்ஸும் மஞ்சள் கறி சாஸும் நன்றாக விற்கின்றன. லிவர்பூல் பக்கம் சிப்ஸை மிளகாய், வெங்காயம், உப்பு மிளகு மசாலாவோடு வாணலியில் பிரட்டித் தருகிற 'சால்ட் அண்ட் பெப்பர் சிப்ஸ்' உண்டு. நம் நாக்குக்கு இந்த நாட்டில் சட்டென்று ஒத்துப்போகிற பார்சல் அதுதான் என்பேன். இனிப்பும் புளிப்புமான சிவப்புச் சாஸில் தோய்க்கும் கோழி உருண்டைகளை என்னால் இன்னும் ரசிக்க முடியவில்லை. மெனுவில் 'மொறுமொறு கடற்பாசி' என்று இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோஸ் இனக் கீரையை மெல்லியதாக நறுக்கிப் பொரித்தது.

டோனர் கபாப், பப் மூடிய பிறகுதான் களைகட்டும். ரொட்டிக்குள் சீவிய இறைச்சி, மேலே கோஸ், மிளகாய் சாஸ், பூண்டு சாஸ், ஓரத்தில் மறக்காமல் சிப்ஸ். பகல் வெளிச்சத்தில் அதை வாங்குகிறவர்கள் குறைவு. மிடில்ஸ்பரோவில் 'பார்மோ' என்று ஒன்று: தட்டையாக அடித்த கோழியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, வெள்ளை சாஸும் சீஸும் உருக்கி, சிப்ஸோடு தருவார்கள். கிளாஸ்கோவில் ஒரு பீட்சா பெட்டிக்குள் கபாப், பகோடா, நான், சிப்ஸ் எல்லாவற்றையும் அடைத்து விற்கிறார்கள். இதய மருத்துவர்கள் படிக்காமலிருப்பது நல்லது.

சரி, தினமும் இப்படியா சாப்பிடுகிறார்கள் என்றால், இல்லை. பெரும்பாலான வீடுகளில் இது வெள்ளி அல்லது சனிக்கிழமைச் சமாச்சாரம். வார நாளில் மதியச் சாப்பாடு என்பதே ஒரு சாண்ட்விச்தான். சூப்பர்மார்க்கெட்டில் சாண்ட்விச், ஒரு பாக்கெட் சீவல், ஒரு குளிர்பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலைக்கு வாங்கி, கணினி முன்னாலேயே பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மதியம் சூடாகச் சோறு வேண்டும் என்று நினைக்கிற நமக்கு அது பழகக் காலம் பிடிக்கும். இதில் வரி வேறு விளையாடுகிறது. ஆறிய சாண்ட்விச்சை வெளியே எடுத்துப் போனால் வாட் வரி இல்லை, அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். சூடான பார்சலுக்கும் 20. காபிக் கடையில் "இங்கேயா, பார்சலா?" என்று முதலில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2012இல், அதுவரை விலக்கு இருந்த, கடையிலேயே சுட்டு விற்கும் சூடான இறைச்சி பேஸ்ட்ரிக்கும் அந்த வரியைப் போடப் பார்த்து, நாடே கொதித்ததும் அரசு பின்வாங்கியது.

மாலைச் சாப்பாடு பல வீடுகளில் ஐந்தரை, ஆறரைக்குள் முடிந்துவிடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் சீக்கிரம். அதற்கேற்றபடி பல சிப்ஸ் கடைகள் எட்டு, ஒன்பது மணிக்குச் சாத்திவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்காத கடைகளும் நிறைய. நம் வழக்கப்படி ஒன்பதரைக்குப் பசித்தால் கபாப்தான் கதி. இன்னொன்று, ஒருவர் வாங்குவதை மாற்றவே மாட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எந்தக் கறிக் கடைக்குப் போனாலும் கோர்மா, பிலாவ் சோறு, வெறும் நான். மெனுவைத் திறப்பதுகூட இல்லை. வேறு ஏதாவது சொல்லிப் பார்க்கலாமே என்றால், "பிடித்ததை விட்டுவிட்டு எதற்கு?" என்பார்.

லண்டனில் இருந்தால் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் கொத்து ரொட்டியும் மட்டன் ரோலும் கிடைக்கும். தட்டில் இரண்டு கத்தியும் அடிக்கிற சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் பக்கம் அந்த வசதி குறைவு.

கடைசியாகச் சைவர்களுக்கு. சிப்ஸ் வெறும் உருளைக்கிழங்குதானே என்று வடக்கு இங்கிலாந்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், மாட்டுக்கொழுப்பு என்றால் ஒளிக்காமல் சொல்வார்கள். தாவர எண்ணெய் என்றாலும் மீன் பொரித்த அதே எண்ணெயா என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். கிரேவியும் பல இடங்களில் இறைச்சிச் சாறுதான். கதவில் பச்சை, கறுப்பு நிறத்தில் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் ஒட்டியிருக்கும். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. அதனால் இங்கே ஒரு கதவில் அது காணவில்லை என்றால், போனில் ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.