பினாங்கில் 6,500 ரிங்கிட் போதுமா?

கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஓசூர் கம்பெனியில் மாதம் 55,000, மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், அது ஒரு 18,000. நான்கு வயதுப் பையன். இப்போது மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 6,500 ரிங்கிட்டுக்கு வேலை வந்திருக்கிறது. கடலோர ஊர்களில் இதைப்போல மலிவு கிடையாது என்கிறார்களே, குடும்பத்தோடு போனால் மாதம் என்ன மிஞ்சும் என்பது கேள்வி.

தம்பி, நான் பாலக்கோட்டுக்காரன், 2014 செப்டம்பரில் பினாங்கு போனவன். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

பினாங்கு மலிவு என்று சொல்பவர்கள் இரண்டு வகை. டாலரிலோ பவுண்டிலோ பென்ஷன் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒரு வகை. அந்த ஊர்க்காரர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், 50 ரிங்கிட்டில் மாதம் முழுக்க பஸ் பாஸ், அரசு ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு ரிங்கிட்டில் சீட்டு. நீங்கள் இரண்டிலும் சேர்த்தியில்லை. பெட்ரோல் நமக்குச் சந்தை விலை, அந்த பாஸ் குடிமக்களுக்கு மட்டும், அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம் தனி. ஆகவே அவர்கள் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வரி. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த நாட்டில் ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாள் இருந்தால்தான் வரிக்கு நீங்கள் 'குடியிருப்பவர்'. அதுவரை எந்தச் சலுகையும் கிடையாது, மொத்தமாக 30 விழுக்காடு. புதிதாக வருபவருக்கு முதல் ஆறு மாதம் கம்பெனி இப்படித்தான் பிடிக்கும். 6,500-இல் 1,950 போய்விடும், இபிஎஃப் 2 விழுக்காடு 130 போனால் கையில் 4,420. குடியிருப்பவர் ஆனபின் உங்கள் சம்பளத்துக்கு, மனைவி குழந்தைக்கான கழிவெல்லாம் போக, மாதம் 250 ரிங்கிட்டுக்குள்தான் வரி வரும். வித்தியாசத்தைப் பாருங்கள். அதிகமாகப் பிடித்ததை அடுத்த வருடம் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை சாப்பிட வேண்டுமே.

இதில் நான் பட்ட அடி ஒன்று இருக்கிறது. வருடக் கடைசியில் போனால் அந்த வருடம் 182 நாள் வராது. அடுத்த வருடம் 182 நாள் தொடர்ந்து இருந்தால் அதோடு இதையும் சேர்த்துக்கொள்வார்கள், இடையில் சொந்த வேலையாக ஊருக்குப் போனது மொத்தம் 14 நாளைத் தாண்டக்கூடாது. எனக்கு அந்தத் தை மாதம் தங்கச்சி கல்யாணம். அண்ணன்காரன் பத்து நாளில் திரும்ப முடியுமா? இருபது நாள் இருந்துவிட்டு வந்தேன். அந்த முதல் நான்கு மாத வரி போனது போனதுதான். கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, நான்தான் விசாரிக்கவில்லை. நீங்கள் ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் சேருவது போல் தேதி கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வீடு. கடல் தெரியும் வீடு வேண்டாம். தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி பக்கமெல்லாம் அந்த பென்ஷன்காரர்களுக்கு. நமக்கு பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ். மூன்று படுக்கையறை, ஓரளவு சாமான்களோடு 1,400 ரிங்கிட்டுக்குப் பார்க்கலாம். இரண்டு மாத டெபாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக மொத்தம் மூன்றரை மாதப் பணம் முதல் நாளே வேண்டும். 4,900 ரிங்கிட். ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலத்தை நினைத்தால் இது தேவலை. பினாங்குத் தீவை மறுகரையோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் வாடகை இன்னும் குறைவு, ஆனால் தினமும் பாலத்தில் நெரிசல், தீவுக்குள் வர காருக்கு 5.74 ரிங்கிட் சுங்கம். பைக்குக்கு 2019-லிருந்து சுங்கம் கிடையாது, மழையில் நனையத் தயாரென்றால் சரி.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. ஃப்ளோரைடு தண்ணியைக் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பாகி, ஒகேனக்கல் தண்ணி எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்த ஊர் நம்முடையது. பினாங்கில் குழாயைத் திறந்தால் 24 மணி நேரமும் தண்ணி. மலேசியாவிலேயே வீட்டுத் தண்ணிக் கட்டணம் குறைந்த மாநிலங்களில் அது ஒன்று. என் பில் 15 ரிங்கிட்டைத் தாண்டியதில்லை. என் அம்மா வந்திருந்தபோது முதல் வாரம் வீட்டிலிருந்த பாத்திரத்திலெல்லாம் பிடித்து நிரப்பி வைத்துவிட்டார்.

சாப்பாட்டில் பயமில்லை. ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) ஒன்று, தே தாரிக் (ஆற்றிய பால் டீ) ஒன்று, ஐந்து ரிங்கிட்டுக்குள் காலை டிபன் முடியும். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ராகி மாவு கிடைக்கும், களி கிண்டலாம். ஆட்டுக்கறி மட்டும் விலை கேட்டால் சைவமாகிவிடுவீர்கள். தக்காளி கேமரன் மலையிலிருந்து வருகிறது. பாலக்கோடு மண்டியில் நேற்று பார்த்த விலையை அங்கே நினைத்தால் வயிறு எரியும், ஆனால் அங்கே விலை இப்படித் தலைகீழாக ஆடுவதில்லை.

சரி, கணக்கு. மூன்று பேருக்கு வாடகை 1,400, கரண்டு தண்ணி இன்டர்நெட் போன் 350, சாப்பாடு 1,400, போக்குவரத்து 500, பையனுக்கு பாலர் பள்ளி 500, மருந்து துணிமணி என்று 400. 4,550 ஆகிறது. முதல் ஆறு மாதம் கையில் வருவது 4,420. அதாவது மாதாமாதம் 130 கைக்கடன். வரி குறைந்தபின் 1,500 வரை மிஞ்சும், 30,000 ரூபாய். ஆனால் மனைவியின் 18,000 நின்றுவிடும். குடும்ப விசாவில் அவர் வேலைக்குப் போக முடியாது, அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும். கிருஷ்ணகிரியில் இப்போது மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 30,000-க்கு மேல் என்றால் பணத்துக்காக இந்த வேலைக்குக் கிளம்ப வேண்டாம்.

நானாக இருந்தால் முதல் ஆறு மாதம் தனியாகப் போவேன். நம் பையன்களோடு அறையைப் பகிர்ந்தால் 500, 600 ரிங்கிட்டில் முடியும், வீட்டில் அவர் வேலையை விட வேண்டாம், பையனும் இந்தப் படிப்பு வருடத்தை முடிப்பான். வரி இறங்கினதும் வீடு பிடித்துக் கூட்டிப் போங்கள்.

நான் 18-ஆம் தேதி வரை ஊரில் இருக்கிறேன். பாலக்கோடு பக்கம் வந்தால் அந்த ஆஃபர் லெட்டரை எடுத்து வாருங்கள், வரும் வழியில் காவேரிப்பட்டணத்தில் இறங்கி எனக்கு இரண்டு பாக்கெட் நிப்பட்டு. பினாங்கில் எல்லாம் கிடைக்கிறது, அதை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.