கார் ஷெட்டை ஜிம்மாக்க 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் சொந்த வீடு. வயது 38. கைக்கு வரும் சம்பளம் 85,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 27,000. நானும் மனைவியும் ஜிம்முக்கு மாதம் 3,000 கட்டுகிறோம். கார் ஷெட்டை அடைத்து, ஏசி போட்டு, ட்ரெட்மில், மல்டி ஜிம் வைக்க 4 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. வங்கியில் 14 சதவீத வட்டிக்கு 3 ஆண்டு தனிநபர் கடன் தருகிறார்கள். கார் தெருவில் நிற்கட்டும், வீட்டு மதிப்பும் கூடும் என்கிறார் மச்சான். வரிச் சலுகை ஏதும் உண்டா?

பதில்: கடன் வாங்காதீர்கள். இந்தக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 13,670 ரூபாய். 3 ஆண்டில் வட்டி மட்டும் 92,000 போகும். மொத்தம் 4.92 லட்சம். நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் ஜிம் கட்டணமோ ஆண்டுக்கு 36,000 தான். போட்ட பணம் திரும்ப 13 ஆண்டுக்கு மேல் ஆகும். அத்தனை காலம் எந்த ட்ரெட்மில் ஓடுகிறது? பெல்ட் தேயும், மோட்டார் போகும், மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தாலே காசு. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சந்தாவைப் புதுப்பிக்கும்போது அந்தக் குறைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் கடனில் டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் கடன்) வாங்கினால் வட்டி குறையுமே என்று தோன்றும். குறையும்தான். ஆனால் ட்ரெட்மில் காயலான் கடைக்குப் போன பிறகும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மச்சான் சொன்ன வீட்டு மதிப்புக்கு வருகிறேன். அனுமதி வாங்கிய பிளானில் அந்த இடம் வாகன நிறுத்தம் என்று இருக்கும். அதைச் சுவர் வைத்து அடைத்தால், நாளை வீடு வாங்க வருபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் முதலில் குறிப்பெழுதுவது அதைத்தான். மடிப்பாக்கத்தில் கார் நிறுத்த இடமில்லாத தனி வீட்டுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்?

இன்னொன்று, உங்கள் ஏரியாவுக்கே உரியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்கே தெரியும். வீட்டுத் தரையைவிட ஷெட் தாழ்வாகத்தான் இருக்கும். ட்ரெட்மில்லின் மோட்டாரும் சர்க்யூட் போர்டும் முன்பக்க மூடிக்குள், தரையிலிருந்து சில அங்குலத்தில் இருக்கின்றன. முழங்கால் அளவுகூட வேண்டாம், கணுக்கால் அளவு தண்ணீர் போதும்.

மின் கட்டணத்தையும் எஸ்டிமேட்டில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். 1.5 டன் ஏசி தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் வரை கூடலாம். அதனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும்.

வரிச் சலுகை கிடையாது. மருத்துவத்துக்கான வருமான வரிக் கழிவில் காப்பீட்டு பிரீமியம், உடல் பரிசோதனைச் செலவு போன்றவைதான் வரும். டம்பெல் வராது.

ஆசையை விட வேண்டாம். சுவர், ஏசி எதுவும் இல்லாமல் 35,000 ரூபாய்க்குள் ஒரு ரப்பர் மேட், மடக்கு பெஞ்ச், ஒரு செட் டம்பெல் மட்டும் வாங்குங்கள். காலையில் காரை வெளியே எடுத்தால் ஷெட் உங்களுடையது. இரும்புக்கு மறுவிற்பனை விலையும் ஓரளவு நிற்கும். வங்கிக்குக் கட்ட இருந்த 13,670-ஐ மாதாமாதம் ஓராண்டு ஆர்டி-யில் (தொடர் வைப்பு) போட்டால் வட்டி இல்லாமலே 1.64 லட்சம் சேரும். அதற்குப் பிறகும் இருவரும் விடாமல் பயிற்சி செய்துகொண்டிருந்தால் அந்தப் பணத்தில் ட்ரெட்மில் வாங்குங்கள். அதுவும் மாடியில், ஷெட்டில் அல்ல.