அப்பாவின் அழுத்தத்தை ஏன் மெதுவாக இறக்குகிறார்கள்?

அன்புள்ள சார்,

இதயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பாவுக்குப் போன மாதம் ரத்த அழுத்தம் 200/110 இருந்தது. பல வருடமாகவே அதிகமாக இருந்திருக்க வேண்டும், நாங்கள்தான் பார்க்காமல் விட்டுவிட்டோம். மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, இதயம், சிறுநீரகம், மூளை எதிலும் உடனடிப் பாதிப்பு இல்லை, குறைந்த அளவு மாத்திரையில் தொடங்கி சில வாரங்களில் மெதுவாக இறக்கலாம் என்றார். இவ்வளவு அழுத்தத்தை ஒரே நாளில் இறக்காமல் ஏன் இழுக்கிறார் என்று எனக்குக் கோபமே வந்தது. இப்போது எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறது என்கிறார் அப்பா. அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் மூளைக்குப் போகும் ரத்தமும் ஏறி இறங்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

200 என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் கை கால் ஓடாது. ஆனாலும் அந்த மருத்துவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அது ஏன் என்பதற்கு உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே வரவேண்டும்.

அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தூங்கும்போது குறையும், படி ஏறினால் கூடும், கோபப்பட்டால் இன்னும் கூடும். மூளைக்குப் போகும் ரத்தம் அந்த ஆட்டத்துக்கெல்லாம் ஆடுவதில்லை, ஆடவும் கூடாது. வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம், உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லிலிட்டர் ரத்தம் வேண்டும். சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள அதனிடம் ஒன்றும் கிடையாது, ஓட்டம் முழுதாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். அதற்காக அளவுக்கு மீறிப் பாய்ந்தாலும் ஆபத்துதான், மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை.

இதைச் சமாளிப்பவை மூளையின் சிறு தமனிகள். அவற்றின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அழுத்தம் கூடிச் சுவர் இழுபட்டால் தசை சுருங்கும், அழுத்தம் குறைந்தால் தளரும். இதற்கு மூளையிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை, நரம்பின் துணைகூட வேண்டாம். வில்லியம் பேலிஸ் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1902-லேயே ரத்தக்குழாய்களின் இந்தக் குணத்தை எழுதிவிட்டார். எனக்கு இதில் தீராத வியப்பு என்னவென்றால், குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறுகினாலே, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்போது, அதன் வழியே ஓடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அத்தனை சின்ன அசைவால் இத்தனை பெரிய ஏற்ற இறக்கத்தை, நாம் எதையும் உணராமலே, பிறந்த நாளிலிருந்து சமாளித்துக்கொண்டிருக்கின்றன இந்தக் குழாய்கள்.

கரியமில வாயுவுக்கும் பங்கு உண்டு. ரத்தத்தில் அது கூடினால் மூளையின் குழாய்கள் விரியும், குறைந்தால் சுருங்கும். பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு விடுகிறவருக்குத் தலை கிறுகிறுப்பது இதனால்தான். காற்று போதாததால் இல்லை, கரியமில வாயு அதிகமாக வெளியேறிக் குழாய்கள் சுருங்கிவிடுவதால்.

சரி, இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் லாசன் 1959-ல் பலருடைய அளவீடுகளைத் தொகுத்து, சராசரி அழுத்தம் சுமார் 60-லிருந்து 150 வரை எங்கே இருந்தாலும் மூளையின் ரத்த ஓட்டம் ஏறக்குறைய மாறாது என்று காட்டினார். (சராசரி என்பது மேல் எண் இல்லை, 120/80 உள்ளவருக்கு அது சுமார் 93.) அந்தக் கோடு அவர் வரைந்த அளவுக்குச் சமதளமாக இல்லை, அழுத்தத்தின் ஏற்றத்தைச் சமாளிக்கும் அளவுக்கு அதன் இறக்கத்தை மூளை சமாளிப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் அப்பா விஷயத்தில் இதை மறக்கக் கூடாது.

பல வருடம் உயர் அழுத்தத்தில் இருந்தவருக்கு அந்தச் சிறு தமனிகளின் சுவர் தடித்துப்போகிறது. அதனால் அந்த எல்லையே மேலே நகர்ந்துவிடும். மேல் எல்லை நகர்ந்தது அவரைக் காப்பாற்றியது, கீழ் எல்லையும் கூடவே நகர்ந்ததுதான் சிக்கல். உங்களுக்கும் எனக்கும் சாதாரணமான ஓர் அழுத்தம் அவருடைய மூளைக்குப் போதாமல் போகலாம், குழாய்கள் முடிந்தவரை விரிந்த பிறகும். ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு நிஃபெடிபின் கேப்ஸ்யூலை உடைத்து நாக்குக்கு அடியில் விட்டு, சில நிமிடங்களில் அழுத்தத்தை இறக்குவார்கள். எண் அழகாக இறங்கும், சிலருக்கு அதோடு பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. 1990-களில் எச்சரிக்கைகள் வந்த பிறகு அந்தப் பழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. மெதுவாக இறக்கினால் குழாய்களுக்கு அவகாசம் கிடைக்கிறது, நகர்ந்த எல்லை பலருக்கு ஓரளவாவது திரும்பி வருகிறது. உங்கள் மருத்துவர் வாங்கிக் கொடுப்பது அந்த அவகாசத்தைத்தான்.

அப்புறம் அந்தக் கண் இருட்டல். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியிலும் உள்ள உணரிகள் அதைக் கண்டுபிடித்து இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து, உடலின் மற்றக் குழாய்களை இறுக்குகின்றன. மூளையின் தமனிகள் விரியவும் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில்தான் கண் இருட்டுகிறது. வயதானால் இந்த வேலை மந்தமாகும், மாத்திரையும் சேர்ந்துகொண்டால் இன்னும்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நொடியும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் கருவி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அழுத்தத்தை அளந்து எழுதிவையுங்கள். நிற்கும்போது மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.