செல்போனை மகளிடமிருந்து வாங்கி வையுங்கள்

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் செயலாளர். நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவதற்காகப் பெற்றோரிடம் திரட்டிக் கொடுத்த பணத்தில் பாதியை எடுத்து, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், மேடைக்கு ஒலிபெருக்கி வாங்கிவிட்டார் தலைமையாசிரியை. கேட்டால் ‘பள்ளிக்குத்தானே செலவு செய்தேன்’ என்கிறார். மூன்று மாதமாக ஆசிரியர்கள் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. பெற்றோர் மட்டும் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறோம். அவர் கமிஷன் வாங்கியிருப்பார் என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். நான் அடுப்படியில் இருந்தால் வரும் செய்திகளை மகள்தான் படித்துச் சொல்வாள். தலைமையாசிரியை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். ஏழாம் வகுப்பு. போன வருஷம் பேச்சுப் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு. தயார் செய்ததும் தலைமையாசிரியைதான். பள்ளிச் சூழல் கெட்டுப்போனதால் இந்த வருஷம் அவள் பெயரே கொடுக்கவில்லை. தலைமையாசிரியையை மாற்றச் சொல்லி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கப்போகிறோம். இது சரியான வழியா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் ஒலிபெருக்கிக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி நாலைந்து வரிதான். நான் அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன்.

அடுப்படியில் நீங்கள். கதவில் சாய்ந்துகொண்டு, கையில் உங்கள் செல்போனுடன் ஏழாம் வகுப்புப் பெண். ‘கமிஷன் வாங்கியிருப்பார்’ என்று யாரோ எழுதியதை அவள் வாய்விட்டுப் படிக்கிறாள். அப்புறம் குரலை மாற்றி, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, தலைமையாசிரியை போலவே பேசுகிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அம்மா சிரிக்கிறார் என்பதால் அவள் இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்கிறாள். மறுநாள் காலை அதே பெண் சீருடை போட்டுக்கொண்டு, காலைக் கூட்டத்தில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எப்படி நிற்பாள் என்று ஒருநாளாவது நினைத்தீர்களா?

பேச்சுப் போட்டிக்கு அவள் ஏன் பெயர் கொடுக்கவில்லை என்பதற்குப் பள்ளிச் சூழலைக் காரணம் சொல்கிறீர்கள். எனக்குத் தோன்றும் காரணம் உங்கள் அடுப்படியில் இருக்கிறது. முந்தின நாள் சாயந்திரம் யாரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தாளோ, அவர் முன்னால் போய் ‘எனக்குச் சொல்லிக் கொடுங்கள்’ என்று எந்தக் குழந்தையாலும் கேட்க முடியாது. கூச்சம் தடுக்கும். அப்படியே கேட்டாலும் அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். முதல் பரிசு வாங்கிய பிள்ளை மேடையை விட்டு இறங்கியிருக்கிறாள். அதைப் போய்த் தலைமையாசிரியையின் குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே!

பெற்றோரும் தலைமையாசிரியரும் மோதிக்கொள்ளும் கதைகள் வருஷா வருஷம் எனக்கு வருகின்றன. ஒருவருக்குச் சீருடை, ஒருவருக்கு ஆண்டு விழா, ஒருவருக்குப் பணம். சில நாளில் தலைமையாசிரியர் மாறிப் போவார், இல்லையென்றால் கழகம் கலையும். பிள்ளை மட்டும் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆசிரியரைப் பற்றி வீட்டில், பிள்ளை காதுபட, மரியாதை இல்லாமல் பேசக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆசிரியர்களும் தப்புச் செய்வார்கள். ஆனால் யாரைக் கேலிப்பொருளாகப் பார்க்கப் பழகிவிட்டாளோ, அவர் நாளைக்கு அவள் கட்டுரையைத் திருத்தினால் அந்தத் திருத்தம் மண்டையில் ஏறாது. அந்த நஷ்டம் ஒலிபெருக்கியின் விலையைவிடப் பெரியது.

சரி, பணத்துக்கு வருகிறேன். அதில் தலைமையாசிரியை செய்தது தப்புதான். ஒரு காரியத்துக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை, கொடுத்தவர்களைக் கேட்காமல் வேறொன்றுக்குத் திருப்பக் கூடாது. ‘பள்ளிக்குத்தானே’ என்பது பதிலே ஆகாது. ஆனால் நீங்கள் செயலாளர். பணத்தை ஒப்படைத்தபோது, இது நூலகத்துக்கு மட்டும் என்று தீர்மானம் எழுதினீர்களா? கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா? தலைமையாசிரியையின் கையெழுத்து அதன் கீழே இருக்கிறதா? நான்கு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வாயால் சொல்லிக் கொடுத்த பணம் என்றால், பாதித் தவறு கழகத்தின் பக்கமும் இருக்கிறது.

முதலில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பிறகு நீங்களும் பொருளாளரும் மட்டும், முன்கூட்டியே நேரம் கேட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவரைப் போய்ப் பாருங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், பத்துப் பேர் எதிரே நின்றால் யாராக இருந்தாலும் தப்பை ஒப்புக்கொள்ள வராது. மூன்றே விஷயம் கேளுங்கள்: ஒலிபெருக்கி வாங்கிய பில், மீதிப் பணம் எவ்வளவு, நூலகத்துக்குக் குறைந்த தொகையை எப்போது எப்படி ஈடுகட்டுவது. அவர் சொன்னதை அன்றைக்கே ஒரு பக்கக் கடிதமாக எழுதி அவருக்குக் கொடுத்து, நகலைக் கோப்பில் வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கணக்கைப் படித்துத் தீர்மானமாக எழுதிவிடுங்கள். இனி கழகப் பணம் எதுவாக இருந்தாலும் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லை என்றால், அந்த நகல்களோடு பள்ளி நிர்வாகத்திடம் போங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் கல்வி அதிகாரிகளிடம் போங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதை இப்போது நிறுத்துங்கள். பில்லைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ஒருவரின் வேலையில் கைவைப்பது அநியாயம். கமிஷன் என்று எழுதியவரிடம் ஆதாரம் கேளுங்கள்; இல்லையென்றால் அதே குழுவில் அதைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். செயலாளர் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் அது சம்மதமாகத்தான் தெரியும்.

ஆசிரியர்கள் வருவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். தனிக் குழுவில் என்ன பேசுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1897ல் வாஷிங்டனில் தாய்மார் மாநாடு என்று தொடங்கிய அமைப்புகூட 1908ல் ‘பெற்றோர் ஆசிரியர்’ என்பதைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. உங்கள் கழகத்தின் பெயரிலும் பாதி அவர்களுடையது. வகுப்பு நடத்துவது, தேர்வு, யார் எந்தப் பாடம் எடுப்பது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. அதில் தலையிட மாட்டோம், கணக்கை மட்டும் கேட்கிறோம் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். வருவார்கள்.

இதெல்லாம் நடக்க நாளாகும். இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செல்போனை மகளிடமிருந்து வாங்கி வையுங்கள். ‘நான் சிரித்தது தப்பு. இது பெரியவர்கள் விவகாரம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அவளிடம் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், இதே வார்த்தையில். பேச்சுப் போட்டிக்கு இன்னும் பெயர் கொடுக்க நாள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லித் தலைமையாசிரியையிடம் கேட்கப் போக வேண்டியவர் நீங்கள்தான்.