செகண்டரியைப் புதிதாகக் கட்டும் அணி தேறுகிறதா இல்லையா என்று எதை வைத்துக் கணிப்பது?

அமெரிக்கக் கால்பந்தில் உங்கள் அணி மூன்று ஆண்டுகளாகத் தன் செகண்டரியை, அதாவது எதிரணியின் பாஸ்களைத் தடுக்க வேண்டிய கார்னர்பேக்குகளையும் சேஃப்டிகளையும், கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது என்றும், ஆனாலும் விட்டுக்கொடுத்த பாஸ் யார்டுகளின் பட்டியலில் அடியில்தான் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அணியின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. அண்மையில் ஏதோ ஓர் ஆட்டத்தைக் கடைசி இரண்டு நிமிடங்களில் பறிகொடுத்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வேதனை எனக்குப் பழக்கமானது என்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் பயிற்சியாளன் அல்ல, ஆட்டக்காரனாக இருந்தவனும் அல்ல. ஃபிலடெல்ஃபியாவின் புறநகர் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும், ஈகிள்ஸ் அணியை விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன். ஒரே அணியை வைத்துக்கொண்டு எல்லா அணிகளுக்கும் தீர்ப்பு எழுதுகிறாய் என்று சிலர் வருவார்கள். எல்லா அணிகளுக்கும் பொருந்தும் சூத்திரம் எதையும் நான் தரப்போவதில்லை. ஆனால் பாஸ் தடுப்பில் முதலிடத்தில் இருந்து, மறு ஆண்டே கடைசிக்கு முந்தைய இடத்துக்கு விழுந்து, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் முதலிடத்துக்கு வந்த செகண்டரி ஒன்றை மூன்று பருவங்களும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், எந்த அடையாளங்கள் உண்மையைச் சொல்லின, எவை ஏமாற்றின என்று என்னால் சொல்ல முடியும்.

2022 பருவத்தில் ஈகிள்ஸ் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 180 யார்டுகளுக்கும் குறைவாகவே பாஸில் விட்டுக்கொடுத்தது. லீக்கின் 32 அணிகளில் அதுவே முதலிடம். சேஃப்டி சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன் ஆறு இன்டர்செப்ஷன்களோடு, அதாவது எதிரணியின் பாஸ்களை ஆறு முறை பறித்து, லீக்கின் முதல் வரிசையில் இருந்தார். டேரியஸ் ஸ்லே, ஜேம்ஸ் பிராட்பெரி என்ற இரு கார்னர்பேக்குகளையும் ஊரே கொண்டாடியது. ஆனால் அந்தப் பருவத்தில் முன்வரிசை 70 முறை குவாட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தியிருந்தது என்பதையும், பந்தை எறிய நேரமே கிடைக்காத குவாட்டர்பேக் எந்தச் செகண்டரியையும் அழகாகக் காட்டுவான் என்பதையும் அன்று பேசியவர்கள் குறைவு. 2023 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டிக்கு எதிரான இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் அது வெளியே வந்தது. நான்காவது கால்பகுதியில், கோல் கோட்டருகே, பாஸைப் பிடிக்க வேண்டிய எதிரணி ரிசீவர் உள்ளே ஓடுவதுபோல் நகர்ந்து சட்டென்று திரும்பி வெளியே ஓடும் ஒரே தந்திரத்தை இரண்டு முறை செய்தார்கள். கடேரியஸ் டோனி ஒருமுறை, ஸ்கை மூர் இன்னொரு முறை என்று இருவரும் பக்கத்தில் ஓர் ஈகிள்ஸ் வீரர்கூட இல்லாமல் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தார்கள். கடைசியில் பிராட்பெரியின் ஹோல்டிங் தவறைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஜெர்சியைப் பிடித்தது உண்மைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். என்னை உறுத்தியது அந்த இரண்டு வெற்றிடங்கள்தாம். முதலிடத்தில் இருக்கும் செகண்டரிக்குள்ளேயே யாருக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இருந்திருக்கிறது.

அடுத்து நடந்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் அணியிலும் இதன் ஏதோ ஒரு வடிவம் நடந்திருக்கும். தடுப்பாட்டப் பொறுப்பாளர் ஜொனாதன் கேனன் அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கார்ட்னர்-ஜான்சனும் மார்கஸ் எப்ஸும் போனதால் இரண்டு சேஃப்டி இடங்களும் ஒரே கோடையில் காலியாயின. முப்பதைத் தாண்டிய ஸ்லேயையும் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பிராட்பெரியையும் தக்கவைத்துக்கொண்டு, நடுவில் புதியவர்களைச் செருகினார்கள். உள்பக்கம் நிற்கும் ரிசீவரைக் காக்கும் ஸ்லாட் இடத்தில் ஆடிய அவான்ட்டே மேடக்ஸ் இரண்டாவது வாரத்திலேயே காயப்பட்டார்; அதன்பின் அந்த இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. பருவத்தின் நடுவில் டென்னசியிலிருந்து கெவின் பையர்டை வாங்கினார்கள். டிசம்பரில் பொறுப்பாளர் ஷான் டிசாயிடமிருந்து ஆட்டத்தை நடத்தும் பொறுப்பையே பிடுங்கி மேட் பட்ரீசியாவிடம் கொடுத்தார்கள். 10 வெற்றி, 1 தோல்வி என்று போய்க்கொண்டிருந்த அணி கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றது. பாஸ் தடுப்பில் 31-ஆம் இடம். 35 பாஸ் டச்டவுன்களை விட்டுக்கொடுத்தது.

சியாட்டிலில் நடந்த ஆட்டம் பட்ரீசியாவின் கைக்கு வந்த முதல் ஆட்டம். மாற்று குவாட்டர்பேக் ட்ரூ லாக் 92 யார்டுகள் நடத்திக்கொண்டு வந்து, 28 விநாடிகள் மீதமிருக்கையில், பிராட்பெரியின் தலைக்கு மேலாக ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பாவுக்கு எறிந்து வென்றார். பழி முழுவதும் பிராட்பெரியின் மேல் விழுந்தது. அவர் வேகம் குறைந்திருந்தது உண்மையே. ஆனால் ஒரு கார்னர்பேக்கைத் தனியாக வைத்து மதிப்பிடுவது இந்த ஆட்டத்தில் ஆகாத காரியம். பின்னால் சேஃப்டி எங்கே நிற்கிறார், உள்பக்கம் உதவி உண்டா, முன்வரிசை எத்தனை விநாடிகளில் வந்து சேர்கிறது என்பவை தெரியாமல் தோற்றவனை மட்டும் பார்த்தால், நமக்குக் கிடைப்பது பலியாடுதான், விளக்கம் அல்ல.

அந்தப் பருவத்தில் அரங்கின் மேல்தளத்தில், கோல் கோட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு இது தெளிவாயிற்று. அங்கிருந்து பந்தைச் சுற்றியுள்ள இடிபாடு சிறியதாகத் தெரியும். சேஃப்டிகள் முழுதாகத் தெரிவார்கள். பந்து கிளம்புவதற்கு முந்தைய சில விநாடிகளில் எதிரணி ஒரு ரிசீவரை இடமிருந்து வலமாக நகர்த்தும். நன்றாகப் பழகிய செகண்டரி அப்போது ஒன்றாக அசையும். ஒருவர் விரலைக் காட்டுவார், இன்னொருவர் தலையாட்டுவார், மூன்றாமவர் இரண்டு அடி பின்வாங்குவார். எங்கள் அணியில் ஒருவர் கையை அசைக்க, மற்றவர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து போய்ச் சேர்ந்த பிறகு இருவரும் உள்ளங்கைகளை விரித்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள். விரித்த அந்தக் கைகளைத்தான் நீங்கள் எண்ண வேண்டும். யார்டுப் பட்டியலை எண்ணுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி ஒளிபரப்பு இந்த ஆட்டத்தின் பாதியை நமக்குக் காட்டுவதே இல்லை. கேமரா குவாட்டர்பேக்கைச் சுற்றியே நிற்கிறது. பந்து எறியப்பட்ட பிறகுதான் பின்னால் ஒருவர் இருந்தார் என்பதே தெரிகிறது. இருபத்திரண்டு பேரையும் ஒருசேரக் காட்டும் பதிவைத் தனியாகக் காசு கட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கற்பனை அணி விளையாட்டுகளிலும் கார்னர்பேக்குக்குப் பெரும்பாலும் தனி மதிப்பெண் கிடையாது. பார்க்க விடாமல் செய்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் இன்டர்செப்ஷன் எண்ணிக்கையைச் சொல்லி ஒருவனை உதவாக்கரை என்கிறார்கள். என் அலுவலகத்திலேயே இதைக் கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டிருக்கிறது. நம்மவர்கள் சிலர், மோதிக்கொள்ளும் ஆட்டத்தில் என்ன நுணுக்கம் இருக்கிறது என்று கேட்பதும் உண்டு. அவர்களிடம் நான் செகண்டரியைத்தான் காட்டுவேன்.

2024-க்கு வருகிறேன். பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் இம்முறை ஒட்டுப் போடவில்லை. பென்சில்வேனியாவின் டன்மோரில் பிறந்த, பல பத்தாண்டுகள் தடுப்பாட்டம் வகுத்தே பழகிய விக் ஃபேஞ்சியோவைப் பொறுப்பாளராகக் கொண்டுவந்தார். பையர்டை விடுவித்தார், கார்ட்னர்-ஜான்சனைத் திரும்ப அழைத்தார். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 22-ஆம் தேர்வாக டொலிடோவின் க்வின்யன் மிட்செல், 40-ஆம் தேர்வாக அயோவாவின் கூப்பர் டிஜீன் என்று அடுத்தடுத்து இரண்டு கார்னர்பேக்குகளை எடுத்தார். முதல் சுற்றில் ஈகிள்ஸ் ஒரு கார்னர்பேக்கை எடுத்தது 2002-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அந்த 2002-இலும் லிட்டோ ஷெப்பர்ட், மைக்கேல் லூயிஸ், ஷெல்டன் பிரவுன் என்று முதல் இரண்டு சுற்றுகளையும் செகண்டரிக்கே கொடுத்தார்கள். மூத்த கார்னர்பேக்குகளான டிராய் வின்சென்ட்டும் பாபி டெய்லரும் இருக்கும்போதே இளையவர்களைப் பழக்கி, அவர்கள் போன பிறகு 2004-இல் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்தப் பருவத்தில் அணி சூப்பர் பவுலுக்குப் போனது. மூத்தவன் விழுவதற்கு முன்பே இளையவனை வாங்குவதுதான் புதுப்பித்தல். விழுந்த பிறகு வாங்குவது அவசரச் சிகிச்சை. உங்கள் அணி இந்த இரண்டில் எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் தொடக்கம் நன்றாக இல்லை. பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்தில் கிரீன் பே அணியின் ஜேடன் ரீட் 70 யார்டு டச்டவுன் எடுத்தார். இரண்டாவது வாரம் அட்லாண்டாவின் கர்க் கசின்ஸ் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் 70 யார்டுகள் வந்து எங்கள் கையிலிருந்த வெற்றியை வாங்கிக்கொண்டு போனார். நான்காவது வாரம் டாம்பாவில் 33-16 என்று தோல்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அன்று பலரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். செகண்டரிக்கு அந்தப் பழமொழி செல்லாது. நான்கு ஆட்டங்களும் போதா. ஓய்வு வாரத்துக்குப் பிறகு, கிளீவ்லாந்துக்கு எதிராக, டிஜீனை ஸ்லாட் இடத்தில் நிறுத்தினார்கள். வெளிப்பக்கம் மிட்செல், ஸ்லே, பின்னால் டிராஃப்டில் எவரும் எடுக்காமல் 2022-இல் வந்து சேர்ந்த ரீட் பிளாங்கென்ஷிப், கார்ட்னர்-ஜான்சன், நடுவில் டிஜீன். இந்த ஐவரும் பெரும்பாலும் மாறாமல் நின்றார்கள். மீதமிருந்த பதின்மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டை வென்றார்கள்.

பருவ முடிவில் பாஸ் தடுப்பில் மீண்டும் முதலிடம், ஓர் ஆட்டத்துக்கு 174 யார்டுகள். முன்வரிசை தேறியதால் செகண்டரியும் தேறியது என்று வாதிடுவோருக்கு என் பதில் இதுதான்: குவாட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவதைச் சாக் என்பார்கள்; 2023-இல் ஈகிள்ஸ் எடுத்த சாக்குகள் 43, 2024-இல் 41. அழுத்தம் என்பது சாக்கில் மட்டும் இல்லை என்பதையும், ஃபேஞ்சியோவின் கீழ் முன்வரிசையும் முதிர்ந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 31-இலிருந்து முதலிடத்துக்கு வந்த ஏற்றத்தை அதை மட்டும் வைத்து விளக்க முடியாது. ஃபேஞ்சியோ இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி, நீண்ட பாஸ்களின் கதவைச் சாத்திவிட்டு, குட்டைப் பாஸ்களைக் கொடுத்து, பிடித்தவரை உடனே டேக்கிள் செய்து வீழ்த்தச் சொல்பவர். டேக்கிள் செய்யத் தெரியாத கார்னர்பேக்குக்கு அவரிடம் வேலை இல்லை. 2024 ஜனவரியில் டாம்பாவிடம் 32-9 என்று தோற்று வெளியேறியபோது, டேவிட் மூர் 44 யார்டும் ட்ரே பால்மர் 56 யார்டும் ஓடியது, பந்தைப் பிடித்த பிறகு எங்களவர்கள் கையிலிருந்து நழுவியதால்தான். அதே ஆண்டு டிசம்பரில் பால்டிமோரில், ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ள டெரிக் ஹென்றி நேராகப் பாய்ந்து வர, டிஜீன் விலகாமல், இடுப்பைத் தாழ்த்தி, அவரை அப்படியே தூக்கிக் கீழே சாய்த்தார். இன்டர்செப்ஷன் பட்டியலில் அந்தக் காட்சிக்கு இடமில்லை. அணி தேறிவிட்டது என்று நான் நம்பிய கணம் அது.

மிட்செலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான பருவம் முழுவதும் அவர் ஒரு இன்டர்செப்ஷன்கூட எடுக்கவில்லை. முதல் சுற்றுத் தேர்வு வீண் என்று பேசியவர்கள் இருந்தார்கள். எதிரணிக் குவாட்டர்பேக்குகள் அவர் பக்கம் எறியத் தயங்கினால் அவர் எங்கிருந்து எடுப்பார்? வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றான பிளேஆஃப்பில் கட்டாயத்தின் பேரில் எறிந்தபோது கிரீன் பேயிடமிருந்து ஒன்றும் வாஷிங்டனிடமிருந்து ஒன்றும் எடுத்தார். 2025 பிப்ரவரி 9 அன்று, தம் 22-ஆம் பிறந்தநாளில், சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து டிஜீன் 38 யார்டுகள் ஓடி டச்டவுன் எடுத்தார். அந்த ஆட்டத்தில் ஈகிள்ஸ் ஒருமுறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை, அதாவது குவாட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதல் ஆட்களைப் பாயவிடவில்லை. நான்கு பேரை மட்டும் முன்னே அனுப்பி ஏழு பேரைப் பின்னால் நிறுத்தியே 40-22 என்று வென்றார்கள். பின்வரிசைமேல் நம்பிக்கை இல்லாத பொறுப்பாளர் அப்படி ஆடமாட்டார். எனவே உங்கள் அணியின் பொறுப்பாளர் எத்தனை முறை பிளிட்ஸ் அனுப்புகிறார் என்று பாருங்கள். செகண்டரியை நம்ப முடியாததால் அவசரப்பட்டு அனுப்புகிறாரா, விரும்பி அனுப்புகிறாரா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2024 டிசம்பரில் வாஷிங்டனில் கார்ட்னர்-ஜான்சன் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட, ஜேடன் டேனியல்ஸ் ஐந்து டச்டவுன் பாஸ்கள் எறிந்து 36-33 என்று வென்றார். ஒருவர் போனால் அடுத்தவர் யார் என்ற கேள்வி முதலிடத்தில் இருக்கும் செகண்டரிக்கும் உண்டு. கோப்பையை வாங்கிய சில வாரங்களிலேயே கார்ட்னர்-ஜான்சனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள்; ஸ்லே, மேடக்ஸ், அந்தப் பருவத்தில் வெளிப்பக்கம் கைகொடுத்த ஐசாயா ராஜர்ஸ் ஆகியோரும் போனார்கள். மிட்செலும் டிஜீனும் பிளாங்கென்ஷிப்பும் இருந்ததால்தான் 2025-ஐ வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் அணியில் தொடர்ந்து ஆறேழு ஆட்டங்கள் சேர்ந்து ஆடிய ஐவர் யார், அவர்களுடைய வயதும் மீதமுள்ள ஒப்பந்த ஆண்டுகளும் என்ன, மூன்று ஆண்டுகளில் பொறுப்பாளர் எத்தனை முறை மாறினார் என்பவற்றைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அதன்பின் அணியின் பெயரைச் சொல்லி இன்னும் துல்லியமாகப் பேசலாம்.