அதே அஞ்சு பேரை எத்தனை தடவை அடிப்பான்?

கேள்வி: வீட்டில் பீடி சுற்றுகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகன் போனில் 'பிளாக்ஸ் ஃப்ரூட்ஸ்' ஆடுகிறான். ஒரே ஆட்களை மணிக்கணக்காக அடிக்கிறான். கேட்டால், "லெவல் ஏத்துதேன்மா" என்கிறான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?
- ஒரு தாய், முக்கூடல்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் என் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து இதே விளையாட்டைப் பார்த்தேன்.

முதல் தீவில் 5 கொள்ளைக்காரர்களை அடிக்க வேண்டும். கொஞ்சம் காசு கிடைக்கும். திரும்பப் போனால் அதே வேலை, அதே 5 பேர். ஒரு லெவல் ஏறினால் 3 புள்ளி. அதை வாளுக்குப் போடலாமா, தின்றால் தனிச் சக்தி தரும் பழத்துக்குப் போடலாமா என்று பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். 700 லெவல் வந்தால்தான் விளையாட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கடல், 1500 வந்தால் மூன்றாம் கடல். எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்துவரும் 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் படக்கதையின் மேல் உள்ள ஆசையில் ரசிகர்கள் ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் செய்த விளையாட்டு இது. கதையில் பார்த்த கடலில் தானே ஒரு சாதாரண ஆளாக இறங்கி மேலே வருகிறான் உங்கள் பிள்ளை.

தட்டை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டுகிறீர்கள். கட்டு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. உங்களுக்கு அது பிழைப்பு, அவனுக்கு விளையாட்டு; இரண்டும் ஒன்றில்லை. ஆனால் செய்ததெல்லாம் எண்ணிக்கையில் சேர்கிறது என்ற தெம்பு அவனுக்கும் வேண்டியிருக்கிறது. கணக்கில் ஒரு மாதம் மெனக்கெட்டு 3 மார்க் கூட வாங்கினால் யார் கவனிக்கிறோம்? அங்கே 3 புள்ளி உடனே கைக்கு வருகிறது. அடுத்த பரீட்சைத் தாள் வரும்போது, போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

லெவல் ஏற்றுவதைப் பற்றி எனக்குப் பயமில்லை. பழம்தான் பயம். விளையாட்டுக் காசைக் கொடுத்து எடுக்கும் பழம் குலுக்கல் மாதிரி. எது வரும் என்று தெரியாது. ஒன்று எடுத்தால் அடுத்ததற்கு 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் பிள்ளைகள் ராத்திரி முழித்திருக்கிறார்கள். ரோப்லாக்ஸின் நாணயமான ரோபக்ஸ் வாங்கினால் பிடித்த பழத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டுவது நிஜப் பணம். ஆகவே ராத்திரி 9 மணிக்குப் போன் உங்கள் கைக்கு வரட்டும். பணம் கட்டும் கடவுச்சொல் அவனுக்குத் தெரிய வேண்டாம்.

அப்புறம், பழம் தின்றவன் கடலில் விழுந்தால் ஏன் அடிபடுகிறான் என்று இன்றைக்கு அவனிடம் கேளுங்கள். தாமிரபரணிக் கரைப் பையன், நீந்தத் தெரியாத கதாநாயகன் கதையை உங்களுக்கு ஆசையாகச் சொல்வான்.